கோமதி மிஸ்ஸின் ஆட்டு மந்தை

அரையாண்டுத் தேர்வில் அன்று அறிவியல் தாள். ஏழாம் வகுப்பு அறையில் நான் மேற்பார்வைக்கு இருந்தேன். தேர்வு நேரத்தில் செல்பேசியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகவேண்டும் என்பதால், எல்லாருக்கும் தெரிந்த பிறகே செய்தி என்னிடம் வந்தது. எங்கள் பள்ளி ஆயா கதவோரம் வந்து நின்று, பிள்ளைகளுக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னார்.

"மிஸ், சோஷியல் கோமதி மிஸ் தவறிட்டாங்களாம். காலைல நெஞ்சு வலின்னு சொல்லிக்கினு இருந்தாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சாம்."

நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. "மிஸ், அடிஷனல் ஷீட்." கொடுத்தேன். இன்னொருவனுக்கு விடைத்தாள் கட்ட நூல் வேண்டியிருந்தது. அதையும் கொடுத்தேன். மணி அடிக்கும்வரை தாள் கொடுப்பதும் நூல் கொடுப்பதுமாகவே நின்றுகொண்டிருந்தேன். கோமதி மிஸ்ஸுக்காக நான் முதலில் செய்தது அதுதான். அழுவதற்கு அன்று நேரம் கிடைக்கவில்லை.

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் இருக்கிறது எங்கள் பள்ளி. அவரைப் பற்றி எழுதித் தரும்படி எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர் என்னிடம் கேட்டார்கள். அவரிடம் படித்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோமதி மிஸ் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் சமூக அறிவியல் எடுத்தார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கையில் எப்போதும் ஒரு கட்டைப்பை, பள்ளிக் காம்பவுண்டைத் தாண்டிக் கேட்கும் குரல். நான் தமிழாசிரியையாக இங்கே சேர்ந்த நாளுக்கு வெகு முன்பிருந்தே, ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் கிறிஸ்துமஸ் விழா நாடகத்தை நடத்தியவர் அவர்தான். பொட்டு வைத்த மிஸ் இயேசு பிறப்பு நாடகம் போடுகிறாரே என்று புதிதாக வருபவர்கள்தான் வியப்பார்கள். எங்களுக்கு அதில் வியக்க எதுவும் இருந்ததில்லை.

அவருடைய நாடகத்துக்கு ஒரே ஒரு விதி. ஆறாம் வகுப்பு 'சி' பிரிவில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ, அத்தனை பேரும் மேடை ஏறவேண்டும். மரியாள், யோசேப்பு, தேவதூதன், மூன்று ஞானிகள், நான்கைந்து மேய்ப்பர்கள் என்று எப்படிப் பங்கு போட்டாலும் வகுப்பில் பாதிக்கு மேல் மிஞ்சிவிடும். மிஞ்சியவர்கள் எல்லாரும் ஆடு. வசனம் கிடையாது. அப்பாவின் பழைய பனியனில் பஞ்சு ஒட்டி முழங்கால்வரை மாட்டிக்கொண்டு, மேடையில் மண்டியிட்டு, சொல்லும்போது "மே" என்று கத்தவேண்டும். மற்றப் பள்ளிகளின் குடிலில் இரண்டு ஆடு இருந்தால் எங்கள் குடிலில் ஒரு மந்தையே இருக்கும். குழந்தை இயேசு எங்கே கிடக்கிறார் என்று தேடத்தான் வேண்டும்.

நான் சேர்ந்த முதல் டிசம்பரிலேயே ஒரு தகப்பனார் சண்டைக்கு வந்துவிட்டார்.

"என் பொண்ணு கிளாஸ் ஃபர்ஸ்ட் மிஸ். அவளைப் போயி ஆடாப் போட்டிருக்கீங்க?"

"ஃபர்ஸ்ட் ஆடு அவதான் சார்" என்றார் கோமதி மிஸ். "முன் வரிசை. ஃபோட்டோல நல்லா விழுவா."

தகப்பனார் சிரித்துவிட்டுப் போனார்.

ஒரு உண்மையையும் இங்கே எழுதியாக வேண்டும். டிசம்பர் மாதத்தில் எங்களில் பலருக்கு கோமதி மிஸ்ஸைக் கண்டாலே அலுப்பாக இருக்கும். அந்த மாதம் ஆசிரியர்களை எப்படிப் பிழிந்தெடுக்கும் என்பது ஆசிரியர்களுக்குத்தான் தெரியும். மழை விடுமுறையில் நடக்காமல் போன பாடங்களை முடிக்கவேண்டும். தேர்வு, திருத்தல், மதிப்பெண் ஏற்றுதல். இதற்கு நடுவே ஈரக் குடையும் சளியுமாக மதியவேளையில் ஒத்திகை. ஒத்திகை நாள்களில் அவருடைய விடைத்தாள் கட்டு என் மேசைக்கு வந்து சேரும்.

"மிஸ், உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று ஒருமுறை கோபமாகவே கேட்டேன்.

"இருக்கே. அதைத்தான் உங்ககிட்ட கொடுத்துட்டேன்."

அவரோடு கோபம் நிலைக்காது. ஆனால் களைப்பு நிலைக்கும். அந்தக் களைப்போடுதான் ஒவ்வோர் ஆண்டும் அவருக்குத் துணையாக நின்றேன். மேடைக்குக் கீழே நின்று திரையின் கயிற்றை இழுப்பது, முன்வரிசையில் விருந்தினர்களை உட்கார வைப்பது, நாடகம் முடிந்ததும் கேக் துண்டுகளைப் பங்கிடுவது, இவைதான் என் வேலைகள். எல்லாமே திரைக்கு முன்னால் செய்பவை.

பெருவெள்ளம் வந்த டிசம்பரில் இரும்புலியூரில் அவருடைய வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. பள்ளி மாதம் முழுக்கத் திறக்கவில்லை. அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குப் போனது. இந்த முறை நாடகம் இல்லை என்று நாங்கள் நினைத்திருக்க, பள்ளி திறந்த முதல் நாளே கட்டைப்பையோடு வந்து ஒத்திகைக்கு அறை கேட்டார்.

"ஜனவரில கிறிஸ்துமஸா மிஸ்?" என்று இசை ஆசிரியை பிலோமினா மிஸ் கேட்டார்.

"ஆட்டுக்கு என்ன மிஸ் தேதி தெரியப்போகுது?"

அந்த ஆண்டு பொங்கல் விழாவுக்காகக் கரும்பு கட்டிய மேடையில் இயேசு பிறந்தார். ஆடுகளில் ஒன்று கரும்புத் தோகையை இழுத்துப் பார்த்தது. வெள்ளத்தில் வீட்டுச் சாமான்களை இழந்து வந்திருந்த பெற்றோர்கள், எனக்குத் தெரிந்து அந்த மாதத்தில் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தார்கள்.

எதற்காக எல்லாரும் மேடை ஏறவேண்டும் என்று அவர் ஒருபோதும் விளக்கியதில்லை. ஒரே ஒருமுறை, ஷேர் ஆட்டோவில் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போகும்போது, நான் கேட்காமலேயே சொன்னார். "நான் படிச்ச ஸ்கூல்ல ஆண்டு விழான்னா எங்க கிளாஸுக்கு பெஞ்சு தூக்குற வேலை மிஸ். தூக்கிப் போட்டுட்டு, கடைசில நின்னு கைதட்டணும். எனக்குக் கைதட்டவே பிடிக்காமப் போயிடுச்சு." அவ்வளவுதான். அடுத்த நொடியே, "அண்ணா, சண்முகம் ரோடு முனைல நிறுத்துங்க, காய் வாங்கணும்" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் இறந்த அன்று மதியம் பிள்ளைகளை மைதானத்தில் கூட்டி சிஸ்டர் செய்தியைச் சொன்னார்கள். மௌன அஞ்சலி முடிந்தது. "நாளைக்கு நடக்கவேண்டிய தேர்வு தள்ளி வைக்கப்படுகிறது. பள்ளிக்கு விடுமுறை" என்று சிஸ்டர் அறிவித்ததுதான் தாமதம், ஆறாம் வகுப்பு வரிசையிலிருந்து "ஹே!" என்று ஒரு சத்தம் எழுந்தது. மழைக்காலம் முழுக்க லீவு அறிவிப்புக்குக் காத்துக் காத்துப் பழகிய வாய்கள். சத்தம் பாதியிலேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் சிலர் அழ ஆரம்பித்தார்கள். நான் யாரையும் அதட்டவில்லை. கோமதி மிஸ் இருந்திருந்தால் அந்தச் சத்தத்துக்குச் சிரித்திருப்பார்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருடைய கணவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். வந்தவர்கள் எல்லாருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. என்னிடம் வந்து, "டிசம்பர் பொறந்தா என் பனியன் எல்லாம் காணாமப் போயிடும்மா" என்றார். "அப்பா இல்லாத பிள்ளைங்க யாராவது இருப்பாங்க, எடுத்துட்டுப் போயிடுவா. கேட்டா, நீங்கதான் மேல சட்டை போட்டுக்கிறீங்களேன்னு சொல்லுவா." சொல்லிவிட்டு இன்னொரு நாற்காலியை எடுக்கப் போய்விட்டார்.

விழாவை என்ன செய்வது என்று பேச அடுத்த நாள் ஆசிரியர் கூட்டம் நடந்தது. கடைசித் தேர்வு முடியும் வெள்ளிக்கிழமை மதியம் விழா. அத்துடன் விடுமுறை. "துக்கம் நடந்திருக்கு. ஒரு ஜெபம், கொயர்ல ஒரு பாட்டு, கேக். போதும் சிஸ்டர்" என்றார் பிலோமினா மிஸ். அவர் சொன்னதில் தவறில்லை. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். நானும் ஒப்புக்கொண்டேன். மேசையில் என் கட்டுகளோடு கோமதி மிஸ்ஸின் கட்டுகளும் திருத்தப்படாமல் கிடந்தன. இந்த ஒரு டிசம்பரையாவது உட்கார்ந்து கழிக்கலாம் என்று என் உடம்பு சொன்னது.

அன்று பள்ளி விட்டதும் கேட்டருகே ஒரு ஷேர் ஆட்டோ நின்றிருந்தது. டிரைவர் இறங்கி என்னிடம் வந்தார். பக்கத்தில் அவர் மகள் தேவிகா. ஆறாம் வகுப்பு 'சி'.

"இன்னா மிஸ், ப்ரோக்ராம் கீதா, இல்லியா? இல்லன்னு சொல்லிக்கினு வந்து நிக்குது பாப்பா."

"கோமதி மிஸ் இறந்துட்டாங்க இல்லையா, அதனால..."

"தெரியும் மிஸ். நமக்கும் பேஜாராத்தான் கீது. நல்ல மனுஷி, என் வண்டிலயே எத்தினி வாட்டி வந்துகீறாங்க." அவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்துத் திறந்து காட்டினார். பனியன் முழுக்கப் பஞ்சு, கழுத்துவரை. "நேத்து லீவு வுட்டாங்க இல்ல, பூரா வூட்லயே குந்திகினு இத்த ஒட்னேன். இனிமே இத்த நான் போட முடியுமா, சொல்லுங்க."

தேவிகா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆடுங்களை மட்டும் எடுத்துட்டாங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

"எல்லாரையும்தாம்மா. நாடகமே இல்லை."

"பாட்டு இருக்காமே?"

கொயர் என்றால் நன்றாகப் பாடும் பன்னிரண்டு பேர். மற்றவர்கள் கீழே உட்கார்ந்து கைதட்ட வேண்டும்.

"பேசுற வேஷம்கூட இல்ல மிஸ் அதுக்கு" என்றார் தகப்பனார். "சும்மா ஓரமா நின்னுட்டு வரட்டுமே."

திரும்பி உள்ளே போய் சிஸ்டரைப் பார்த்தேன். நாடகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"நீங்க ரொம்ப டயர்டா தெரியறீங்களே."

"ஆமா சிஸ்டர். டயர்டாத்தான் இருக்கேன்."

சிஸ்டர் "சரி" என்றார்கள்.

மறுநாள் ஒரே ஒரு ஒத்திகை. அதுவும் ஞானிகள் வந்து சேர்வதற்குள் பள்ளி வேன்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டன. ஆனால் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர அதிகம் இருக்கவில்லை. எங்கே நிற்பது, எப்போது "மே" சொல்வது எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஒரு மேய்ப்பன், "மிஸ், நீங்க தப்பா நிக்கிறீங்க" என்று என்னையே நகர்த்தி நிறுத்தினான்.

வெள்ளிக்கிழமை மதியம் தூறிக்கொண்டிருந்தது. கயிற்றை பிலோமினா மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டு முதல்முறையாகத் திரைக்குப் பின்னால் நின்றேன். நாடகம் நடந்தது. யோசேப்பின் தாடி ஒரு பக்கம் கழன்றது. தேவிகா தன் முறை வருவதற்கு முன்பே கத்திவிட்டாள். சபையில் சிரிப்பு எழுந்தது. கொயர் பாடி முடித்தது, திரை மூடியது. மரியாளும் யோசேப்பும் ஞானிகளும் படியிறங்கி ஓடினார்கள். ஆடுகள் மட்டும் மண்டியிட்டபடியே இருந்தன.

"முடிஞ்சதும்மா. எழுந்து போங்க" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை.

முன் வரிசையிலிருந்து தேவிகாதான் சொன்னாள். "கோமதி மிஸ் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க மிஸ். ஒவ்வொரு ரிகர்சல்லயும் அப்படித்தான். பேர் சொன்னாத்தான் போகணும்."

இத்தனை ஆண்டுகள் அவரோடு நின்றும் இது எனக்குத் தெரியாது. இந்த நேரத்தில் நான் திரைக்கு முன்னால் கேக் கொடுத்துக்கொண்டிருப்பேன். மைக்கில் மரியாள் யார், யோசேப்பு யார் என்று பெயர் வாசிப்பார்கள். ஆடுகளின் பெயரை யாரும் வாசிப்பதில்லை. திரைக்குப் பின்னால், யாருக்கும் கேட்காமல், அதை அவர் தானே வாசித்திருக்கிறார்.

நான் ஆறாம் வகுப்பு 'சி'க்குப் பாடம் எடுப்பதில்லை. தேவிகாவைத் தவிர யார் பெயரும் எனக்குத் தெரியாது. அவளை முதலில் அனுப்பிவிட்டு, ஒவ்வொரு பிள்ளையின் முன்னும் குனிந்து பெயர் கேட்டேன். தேர்வறையில் சொல்வதுபோல் சிலர் இனிஷியலோடு சொன்னார்கள். கேட்ட பெயரை நான் ஒருமுறை உரக்கச் சொன்னேன். சொன்னதும் எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, படியிறங்கிப் பெற்றோரிடம் ஓடினார்கள். முடிய வெகுநேரம் ஆயிற்று. என் முதுகு வலித்தது. வெளியே யாரோ கேக் தீர்ந்துவிட்டது என்று கத்தினார்கள்.

அடுத்த ஆண்டு யார் நடத்துவார்கள் என்று இப்போதே கேட்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. விடுமுறை முடியட்டும்.

கடைசிப் பிள்ளையும் போன பிறகு மேடையில் பஞ்சுத் துணுக்குகள்தான் கிடந்தன. விளக்கை அணைக்க ஆயா காத்துக்கொண்டிருந்தார். நான் ஓரத்தில் நின்று, பிள்ளைகளுக்குச் சொன்ன அதே குரலில், இன்னும் ஒரு பெயரைச் சொன்னேன்.

கோமதி மிஸ். எல்லாரும் இறங்கிட்டாங்க. நீங்களும் போகலாம்.