இரண்டு பெட்டி, ஒரு தாள்

1. தலையாரி கொண்டுவந்த சீட்டு

வாக்குப்பதிவு தொடங்கக் கால் மணி நேரம் இருந்தது. தலையாரி ஆறுமுகம் சைக்கிளை ஆபீஸ் வாசலில் அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார்.

"ஐயா, வாத்தியாரு ஒங்க கையிலதான் குடுக்கச் சொன்னாரு."

நாட்டுக்கு அது இரண்டாவது பொதுத்தேர்தல். தாலுகா ஆபீசில் தேர்தல் கிளார்க்காக எனக்கு முதல் தேர்தல். சீட்டை அனுப்பியவர் சவரிமுத்து வாத்தியார். ஆவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அன்று அவர்தான் பூத் அதிகாரி. சீட்டில் முத்து முத்தான கையெழுத்து:

"தங்கள் தாளின் ஆறாவது வரிப்படி குமிழைத் திருப்பினேன். பெட்டியின் வாய் மூடிக்கொண்டது. தவறாகப் படித்தேனோ என்று மறுபடி படித்து, இரண்டாவது பெட்டியிலும் செய்தேன். அதுவும் மூடிக்கொண்டது. மூன்றாவதைத் தொடவில்லை. தாள் சரியா, பெட்டி சரியா என்று தெரிவிக்கவும்."

 அந்தத் தாளை எழுதியவன் நான்.

2. தாள் எழுதிய லட்சணம்

இப்போதுள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியில் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். மறைவுக்குள் போய், பிடித்த சின்னத்துப் பெட்டியில் ஓட்டுச் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். பதிவுக்கு முன்னால் வேட்பாளர்களின் ஏஜெண்டுகளிடம் காலிப் பெட்டியைக் காட்டி, உள்ளே பேப்பர் சீல் வைத்து, மூடியைப் பூட்டி, குமிழைத் திருப்பி வாயைத் திறந்து வைப்பார்கள். வாய் மூடிக்கொண்டால் பேப்பர் சீலைக் கிழித்தால்தான் மறுபடி திறக்கும். கிழிந்த சீலோடு பெட்டி செல்லாது.

இதையெல்லாம் விளக்கும் சர்க்கார் புத்தகம் இங்கிலீஷில் தலையணை கனம் இருந்தது. நான் அதைப் பிழிந்து, எட்டே வரியில் தமிழில் ஒரு தாள் எழுதி, ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைலில் பிரதி எடுத்துக் கொடுத்தேன். தாசில்தார் முதுகில் தட்டினார். தலைகால் புரியவில்லை எனக்கு.

எழுதும்போது என் மேஜைமேல் இருந்தது போன தேர்தலின் பழைய பெட்டி. பிறகு புதுப் பெட்டிகள் வந்து இறங்கின. நிறம், அளவு, குமிழ் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. பழையதில் குமிழை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினால் வாய் திறக்கும். புதியதில் பாதி திருப்பினாலே திறந்துவிடும், முழுக்கத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். நான் ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. "முழுவதும் திருப்பவும்" என்று தாளில் இருந்தது அப்படியே போனது. எந்த பூத்துக்கு எந்தப் பெட்டி போனது என்ற கணக்கும் என்னிடம் இல்லை.

3. பூத்தில்

பேப்பர் சீல் கட்டு ஒன்றை அள்ளிக்கொண்டு, ஆறுமுகத்தையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் போய் இறங்கினேன். மணி எட்டரை. பள்ளிக்கூடத்தைச் சுற்றி வரிசை நின்றது. களையெடுப்பை விட்டுவிட்டு வந்த பெண்கள் என்னைத்தான் திட்டினார்கள், நான்தான் காரணம் என்று தெரியாமலே.

ஒரு ஏஜெண்ட் வாசலிலேயே மறித்தார். "பொட்டியில என்னமோ பண்ணிட்டீங்க. ரீபோல் வைக்கணும்னு எழுதிக் குடுப்போம், பாத்துக்கிடுங்க."

வாத்தியார் மூன்றாவது பெட்டியைக் கையால் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, எட்டு வருஷம் காத்திருந்து இந்த வருஷந்தான் ஹெட்மாஸ்டர் லிஸ்ட்ல எம்பேரு வந்திருக்கு. இன்னைக்குப் போலிங் நின்னா அதோட போச்சு."

ஏஜெண்டுகளைக் கூப்பிட்டு, அவர்கள் கண் முன்னாலேயே இரண்டு சீலையும் கிழித்து, காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துக் காட்டினேன். குமிழை மெல்லத் திருப்பிப் பார்த்தேன், பாதியிலேயே வாய் திறப்பது அப்போதுதான் தெரிந்தது. புதுச் சீல் வைத்து, மூன்று பெட்டியிலும் குமிழைப் பாதி திருப்பி நிறுத்தினேன். வாய் திறந்தது. ஏஜெண்டுகள் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். எட்டு ஐம்பதுக்கு முதல் ஓட்டு விழுந்தது.

அங்கிருந்து நேரே புதுப் பெட்டி போன மற்ற பூத்துகளைத் தேடி ஓடினேன். எட்டு இருந்தன. எட்டிலும் பதிவு ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. எப்படி என்று கேட்டதற்கு எல்லோரும் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான்.

"தாளா? அது பைக்குள்ள கெடக்கு சார். திருப்புனேன், தெறந்துச்சு, விட்டுட்டேன்."

எட்டுப் பேரும் நான் எழுதியதைப் படிக்கவே இல்லை. அகப்பட்டவனுக்கு அஷ்டமத்தில் சனி என்பார்களே, என்னை நம்பி வரி வரியாகப் படித்த ஒரே மனிதர்தான் அகப்பட்டுக்கொண்டார்.

4. மெமோ

மூன்றாம் நாள் தாசில்தார் கூப்பிட்டார். "அம்பது நிமிஷம் லேட்டு. மேலேருந்து கேக்குறாங்கய்யா. அந்த வாத்தியார் பேர்ல ஒரு மெமோ அடிச்சு எடுத்துட்டு வாரும்."

டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பெயர், ஊர், தேதி எல்லாம் அடித்தாயிற்று. "கொடுக்கப்பட்ட வழிமுறையைப் பின்பற்றாமல்" என்று இங்கிலீஷில் அடிக்க வேண்டிய இடத்தில் விரல் நின்றுவிட்டது. புதுப் பெட்டி போன பூத்துகளில் வழிமுறையைப் பின்பற்றியவர் அவர் ஒருவர்தானே. அடித்திருந்தால் யாருக்கும் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது.

காகிதத்தை உருவிக்கொண்டு உள்ளே போய், நடந்ததைச் சொன்னேன்.

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ஒம்ம பேரைப் போட்டு அடியும்."

எனக்கு வந்த முதல் மெமோவை நானே அடித்தேன். இன்கிரிமெண்ட் ஆறு மாதம் தள்ளிப்போனது. வாத்தியார் ஜூனில் ஹெட்மாஸ்டர் ஆனார்.

5. அடுத்த தாள்

அடுத்த பொதுத்தேர்தலில் முறையே மாறிவிட்டது. எல்லோருக்கும் ஒரே பெட்டி, சீட்டில் முத்திரை குத்த வேண்டும். ஆனால் பெட்டிகள் அதே இரண்டு ரகம்தான். இந்தத் தடவை என் தாளின் முதல் வரி: "பெட்டியைக் கவிழ்த்து, அடியில் உள்ள கம்பெனி முத்திரையைப் பாருங்கள். வட்டமானால் இந்தத் தாளின் இடப்பாதியைப் படியுங்கள், சதுரமானால் வலப்பாதியை." நானே இரண்டு ரகத்தையும் பத்துப் பத்துத் தடவை திருப்பிப் பார்த்துத்தான் எழுதினேன்.

நூற்றுச் சொச்சம் பிரதி எடுத்து, முதல் பிரதியை சவரிமுத்து ஹெட்மாஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், இரண்டு பெட்டிகளோடு.

"இந்தத் தடவை நம்பலாமா தம்பி?"

"நம்பாதீங்க சார். என் முன்னால ஒரு தடவை செஞ்சு பாருங்க. நான் வாயைத் தெறக்க மாட்டேன்."

விரலை வரிமேல் வைத்து, சத்தமாகப் படித்து, சொன்னதை மட்டும் செய்தார். ஐந்தாவது வரியில் கை நின்றது.

"குமிழை இடப்பக்கம்னு போட்டிருக்கே. எனக்கு இடமா, எதுக்க உக்காந்திருக்க ஏஜெண்டுக்கு இடமா?"

முப்பது வருஷம் சர்க்கார் காகிதம் எழுதினேன். படிக்காமலே சமாளித்துக்கொள்கிறவனுக்கு யாரும் எழுத வேண்டியதில்லை. எழுதியதை அப்படியே நம்பிச் செய்கிறவன் ஒருவன் இருப்பான், அவனுக்காகத்தான் எழுத வேண்டும்.

அன்றைக்கு ஆபீசுக்குத் திரும்பியதும் அத்தனை பிரதியையும் கிழித்துப் போட்டுவிட்டு, புது ஸ்டென்சில் வெட்ட உட்கார்ந்தேன்.