தலைப்பிரசவத்துக்கு வரமாட்டேன் என்றவள்

என் தொண்டை ஊரறிந்த தொண்டை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்று நான் ஒரு டவுன் பஸ்ஸைக் கூப்பிட்டால், புறப்பட்டுப் போன திண்டிவனம் பஸ்ஸும் சேர்ந்து நிற்கும் என்று என் வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். இருபத்தாறு வருஷமாக நான் பிரசவ வார்டு நர்ஸ். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை, அங்கேதான் இன்னும் வேலை பார்க்கிறேன். பனமலைப் பக்கமிருந்தும் தொண்டூர்ப் பக்கமிருந்தும் வலியோடு வந்து இறங்குகிற பெண்கள், "அந்தக் கத்தற சிஸ்டர் இன்னிக்கி டியூட்டியா?" என்று வாட்ச்மேனிடம் விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அதை நான் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன், பாருங்கள்.

எங்கள் வார்டில் அதட்டுவது ஒரு வேலைமுறை. முக்க வேண்டிய நேரத்தில் பெண் சோர்ந்து போனால், அதட்டினால்தான் முக்குவாள் என்று சீனியர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அதில் தனிப்பெயர் எடுத்தேன். "அப்ப சிரிச்சிக்கினுதான இருந்த? இப்ப இன்னா கத்தற?" இந்த வாக்கியம் என் சொந்தச் சரக்கு. எழுதுவதற்கே இப்போது கூசுகிறது. எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த பெண்களெல்லாம் அதைக் கேட்டுக் கேட்டே தொழில் பழகினார்கள்.

வீட்டுக்கு வந்தாலும் அதே தொண்டைதான். எங்களுக்கு ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஸ்கூட்டி பழகுகிறேன் என்று கடைத்தெருவில் விழுந்துவிட்டாள். யாரோ வந்து சொல்ல, அடித்துப் பிடித்து ஓடினேன். முட்டி கிழிந்து ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தாள். நான் முதலில் செய்தது, கன்னத்தில் பளாரென்று ஒரு அறை. நாலு கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முட்டியைப் பிறகுதான் பார்த்தேன்.

அவள் அழவில்லை. எனக்கும் அது அப்படியே மறந்து போயிற்று. அவளுக்குக் கல்யாணமாகி மறுவீட்டு விருந்துக்கு வந்த அன்று, குழம்புக் கரண்டியைக் காணோம் என்று மாப்பிள்ளை காதில் விழும்படி அவளிடம் கத்தித் தீர்த்தேன். ஒரு கரண்டிக்கு! அவள் சமையல்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"ம்மா, நாளைக்கி எனக்கு ஒரு கொழந்த வந்தாலும் தலப்பிரசவத்துக்கு உன்கிட்ட வரமாட்டன். மாமியார் வூட்லயே பெத்துக்கறன். அன்னிக்கி ரோட்ல விழுந்தப்ப எனக்கு முட்டி வலிக்கலம்மா. கன்னம்தான் வலிச்சுது."

முதல் பிள்ளையைப் பெற மகள் தாய்வீட்டுக்கு வருவது எங்கள் பக்கத்தில் மாறாத முறை. வராவிட்டால் ஊர் ஆயிரம் பேசும், அது கிடக்கட்டும். ஊரார் பிள்ளைகளை எல்லாம் முதலில் ஏந்தியவை இந்தக் கைகள். என் சொந்தப் பேரப்பிள்ளை பிறக்கும்போது நான் யாரோவாக, அவள் வாக்கப்பட்டுப் போன திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டும். நினைக்கும்போதே வயிறு எரிந்தது. அந்த எரிச்சலிலும் ஒரு வாரம் எல்லோரிடமும் கத்திக்கொண்டுதான் இருந்தேன் என்றால் என் குணத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

அந்த வாரத்தில்தான் எங்கள் தெருவில் கரண்ட் போயிற்று. கம்பத்தின் மேல் ஒரு லைன்மேன் வேலை செய்துகொண்டிருந்தான். கீழேயிருந்து நான் பேசாத பேச்சு இல்லை. அவன் வேலையை முடித்து இறங்கி வந்து, என்னிடமே ஒரு சொம்பு தண்ணீர் கேட்டான். குடித்து முடித்து, "அக்கா, உங்களுக்கு நல்லா மூச்சு இருக்குது. ஞாயித்துக்கெழம காலைல தியானத்துக்கு வாங்களேன்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தில் இருக்கும்போது சிரித்தது எனக்கே புதிது. அதனாலேயே போனேன்.

சிங்கவரம் போகிற ரோட்டில் ஒரு சிமெண்ட் கடை மாடி அது. எங்கள் காலனிக்காரர்கள் சிலர் பௌத்தம் தழுவி, வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒரு புத்தர் படம், பத்துப் பதினைந்து கோரைப்பாய். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை தெரியும். ஆனால் திறந்தால் குரங்கும் உள்ளே வரும் என்பதால் மூடியேதான் இருக்கும். வழிநடத்துவது அந்த லைன்மேன்தான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன்.

முதல் நாளே அவனிடம் சண்டைக்குப் போனேன். "எங்க நைனா ஊரான் நெலத்துல கூலிக்கு நின்னவரு. என்னப் படிக்க வெச்சது அவரு கோவம். இந்த வேலைய வாங்கிக் குடுத்தது என் கோவம். அத வுட்டுட்டா நம்மள மிதிச்சிட்டுப் போயிடுவானுங்க."

"வுடச் சொல்லல அக்கா. அது யாரு மேல போவுதுன்னு ஒரு வாரம் பாத்துட்டு வாங்க, போதும்" என்றான்.

பார்த்தேன். ஒரு வாரத்தில் நான் கத்தியது எல்லாம், வலியில் படுத்திருந்தவர்கள் மேல், கூட்டிப் பெருக்குகிறவள் மேல், என் வீட்டுக்காரர் மேல். என்னை நாள் முழுக்க நிற்க வைத்துவிட்டுத் தாமதமாக வந்த டாக்டர் மேல் ஒரு சொல்கூட இல்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் இல்லை. நைனாவின் கோபம் மேலே பார்த்துப் போனது, என்னுடையது கீழே பார்த்துப் போகிறது. சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

அங்கே சொல்லிக்கொடுத்தது மைத்ரி தியானம். மூச்சைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, ஒவ்வொருவராக மனதில் கொண்டு வந்து, 'நலமாக இருக்கட்டும், பயமில்லாமல் இருக்கட்டும்' என்று நினைக்க வேண்டும். முதலில் தனக்கு. பிறகு பிரியமானவருக்கு, பிறகு யாரோ ஒருவருக்கு, கடைசியில் பிடிக்காதவருக்கு. கேட்க எத்தனை எளிது! வீட்டில் விடியற்காலை கண்ணை மூடி உட்கார்ந்தால் என் வீட்டுக்காரர் டிவியைப் போடுவார். "தியானம் பண்றன்ல, கண்ணு தெரியல?" என்று கண்ணை மூடியபடியே கத்துவேன். "புத்தரு இன்னிக்கி சூடா இருக்காரு" என்று அவர் டீ போடப் போய்விடுவார்.

ஒரு வருஷம் ஓடிற்று. உட்கார்ந்ததில் குறையில்லை, ஆனால் கோபம் இம்மி குறையவில்லை. மகள் போனில் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுவாள். ஒருநாள் லைன்மேனிடம் அலுத்துக்கொண்டபோது, "மொதல்ல யாருக்கு நெனைக்கறீங்க?" என்று கேட்டான். மகளுக்கு என்றேன். "அப்ப உங்களுக்கு?" எனக்குக் கடைசியில் நினைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அந்தக் கடைசி வருவதற்குள் மணி அடித்துவிடும், எழுந்து பாயைச் சுருட்டிவிடுவேன். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைத் தின்று பழகிய பெண்கள் நாங்கள். தியானத்திலும் அதையேதான் செய்திருக்கிறேன், ஒரு வருஷம் முழுக்க!

அவன் சிரிக்கவில்லை. "அக்கா, கம்பத்துல ஏறறதுக்கு முன்ன மொதல்ல என் இடுப்புக்குத்தான் பெல்ட்டு மாட்டுவன். அது சுயநலமா?" என்று மட்டும் கேட்டான்.

அடுத்த ஞாயிறு என்னை வைத்து ஆரம்பித்தேன். 'நான் பயமில்லாமல் இருக்கட்டும்.' அதைத் தாண்ட முடியவில்லை. பயம் என்ற சொல்லுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் என் கையைப் பிடித்துக்கொண்டே ரத்தம் நிற்காமல் செத்துப்போனவள். அவள் தலையைத் தடவி, கண்ணு, ராசாத்தி என்று கொஞ்சிக்கொண்டிருந்தேன் நான். "கொஞ்சிக்கினு நின்ன. அதட்டி வேலை வாங்கியிருந்தா பொழைச்சிருப்பா" என்று அன்று ஒரு சீனியர் சொன்னார். அது உண்மையில்லை, அதட்டலால் ரத்தம் நிற்காது. படித்த எனக்கு அது தெரியும். ஆனாலும் அன்றைக்கே கொஞ்சுவதை விட்டவள், பெற்ற மகளைக்கூடக் கொஞ்சவில்லை. ரோட்டில் அவள் ரத்தத்தைப் பார்த்ததும் என் கை ஏன் ஓங்கியது என்று அந்தக் கோரைப்பாயில்தான் எனக்குப் புரிந்தது. அத்தனை பேர் நடுவில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். ஒருவரும் என்னைத் தேற்ற வரவில்லை, அது எவ்வளவு நல்லதாக இருந்தது தெரியுமா!

அதன் பிறகுதான் பிடி கிடைத்தது. வார்டில் ஒரு பெண் அலறினால் முதலில் எனக்குள் பயம் எழும்பும். அது கோபமாக மாறுவதற்கு இரண்டு மூச்சு நேரம் இருக்கிறது. அந்த இரண்டு மூச்சில் 'நான் பயப்படுகிறேன், இவளும் பயப்படுகிறாள்' என்று நினைத்துவிட்டால், வாயிலிருந்து வேறு வார்த்தை வருகிறது. பத்துக்கு ஆறு தடவை ஜெயித்தேன், பிறகு எட்டுத் தடவை. தாமதமாக வந்த டாக்டரிடம், "சார், இந்தம்மா மூணு மணி நேரமா காத்துக்கினு இருக்காங்க" என்று குரலை உயர்த்தாமல் சொன்ன நாளில், வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு நானே கால் கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டேன்.

அப்போது மகள் ஐந்து மாதம் கர்ப்பம். அவள் மாமியார் தெருவில் வாக்கப்பட்ட எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி எங்கள் ஆஸ்பத்திரியில் பெற்றுவிட்டுப் போய், "உங்கம்மா என் தலையத் தடவிக்கினே இருந்தாங்க" என்று சொல்லியிருக்கிறாள். "எங்கம்மாவா? வேற யாராவது இருக்கும்" என்றாளாம் மகள். வளைகாப்பு முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்தாள்.

"வரன். ஆனா ஒரே ஒரு தடவ கத்துனாலும் அன்னிக்கே கார் புடிச்சி போயிடுவன்."

"சரி" என்றேன். இரண்டு மாதம் வீட்டில் பரீட்சை எழுதுவது மாதிரிதான் இருந்தேன்.

வலி கண்டது ஒரு மதியம், எங்கள் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனேன். சொந்த ரத்தத்துக்கு நாங்கள் பிரசவம் பார்க்கக் கூடாது என்பது வார்டில் எழுதாத சட்டம், கை நடுங்கும். அதனால் துணைக்கு நிற்கும் தாயாக, மகள் தலைமாட்டில் நின்றேன். பிரசவம் பார்த்தது நான் பழக்கிவிட்ட சின்ன நர்ஸ். வலி உச்சத்துக்கு வந்தபோது மகள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். அந்தப் பெண் நிமிர்ந்து, என் தொனியிலேயே, என் மகளைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்ப சிரிச்சிக்கினுதான இருந்த? இப்ப இன்னா கத்தற?"

என் உள்ளங்காலிலிருந்து சூடு ஏறிற்று. என் பிள்ளையையா சொல்கிறாய்? அவளைப் பிடித்து வெளியே தள்ளக் கை பரபரத்தது. மகள் அந்த வலியிலும் தலையைத் திருப்பி என்னைத்தான் பார்த்தாள். ஒரு மூச்சு. அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்தேன். சீனியரின் மகள், தலைப்பிரசவம், ஏதாவது ஆகிவிட்டால்? பயத்தில் அவள் உதடு வெளுத்திருந்தது. இரண்டாவது மூச்சில், என் முதல் மாதத்து முகத்தையே அவள் முகத்தில் பார்த்தேன். சூடு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவளையும் சேர்த்து மடியில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

"பாப்பா, அந்த வார்த்த நான் உனக்குக் குடுத்தது. தப்பு என்னுது, நானே திரும்ப வாங்கிக்கறன்" என்றேன். "கொழந்தைக்கு இதயத் துடிப்பு நல்லா இருக்குது. நீ நல்லாத்தான் பண்ற. பயப்படாத. ஒரு மூச்சு விடு."

அவள் விட்டாள். நானும் விட்டேன். மகளும் விட்டாள். "மன்னிச்சிடுங்க அக்கா" என்று அந்தப் பெண் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு மகளைப் பார்த்துச் சொன்னாள். "பரவால்ல, கைய எடுக்காத, கைய எடுக்காத" என்று மகள் கத்தினாள். மூன்று பேருமே சிரித்துவிட்டோம், அந்த நிலைமையில்! அடுத்த வலியில் தலை தெரிந்தது. அதற்கடுத்த வலியில் என் பேத்தி, யாரும் அதட்டாமல், யாரும் அடிக்காமல், வீல் என்று கத்திக்கொண்டு வந்து விழுந்தாள். துடைத்து முதலில் என் கையில்தான் கொடுத்தார்கள். நான் அழுதேன், சிரித்தேன், பிரசவ அறையில் இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு ராசாத்தி என்று ஒருத்தியை வாய்விட்டுக் கொஞ்சினேன். என்னைப் போல ஜெயித்தவள் அன்று செஞ்சிச் சீமையில் எவளும் இல்லை.

மறுநாள் சம்பந்தியம்மா திண்டிவனத்திலிருந்து பிளாஸ்கும் பழமுமாக வந்தார். பேத்தியை ஆசை தீரப் பார்த்துவிட்டு, "மூணாம் மாசம் நாள் பாத்து வந்து கூட்டிக்கினு போறன்" என்றார். அதுதான் முறை. நான் தலையாட்டினேன்.

மகள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அஞ்சாம் மாசம் வாங்க அத்த. இன்னும் கொஞ்ச நாளு எங்கம்மாகிட்ட இருக்கறன்" என்றாள்.