அவளுக்கு நான் தேர்ந்தெடுத்த விசில்

ஒரு பெண் தினமும் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு வேலைக்கு வருகிறாள் என்பது அவள் வீட்டாருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலில் ஆறு வருடம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் முப்பத்திரண்டு வருடம் குமாஸ்தா. ஓய்வு பெற்றபின் வீட்டில் உட்கார முடியாமல் வாசல் ரிஜிஸ்டருக்கு வந்தேன். அங்கே வேலை பார்த்த பெண்கள் அறுபத்து நான்கு பேர்.

பட்டாசுக் கம்பெனிக்குள் இரும்பு போகக்கூடாது. உரசினால் பொறி வரும். செல்போன், கொலுசு, கொண்டை ஊசி, ஊக்கு எல்லாவற்றையும் வாசலில் கழற்றி, அவரவர் டோக்கன் எண் போட்ட பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாயங்காலம் எண்ணைச் சொல்லித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஊக்குகள்தான் அதிகம். சேலைக்குக் குத்துவது சின்னது. பஸ்ஸில் பின்னால் வந்து உரசுகிறவனுக்காக வைத்திருப்பது நீளம். ஒருநாள் தனியாக எண்ணிப் பார்த்தேன். நீள ஊக்கு முப்பத்தெட்டு.

நாற்பத்தொன்றாம் டோக்கன்காரிக்கு முப்பது வயதிருக்கும். புருஷன் விருதுநகர் மண்டியில் வத்தல் மூட்டை தூக்குகிறவன். அவனை விட்டுவிட்டுத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் வாசலிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு எட்டு. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். அந்தப் பாதையில் அவன் வந்து நிற்க ஆரம்பித்திருந்தான். ஒரு தடவை அவள் முடியைப் பிடித்து இழுத்தான். அதற்கு மறுநாள் அவள் தூக்குவாளிக்கு அடியில் ஒரு கத்தி இருந்தது.

"இது என்னம்மா?"

"வெங்காயம் நறுக்க, அய்யா."

"வெங்காயம் எங்க?"

வரிசையில் பின்னால் நின்றவள் சொன்னாள்: "அது பஸ் ஸ்டாப்புல நிக்கும் அய்யா. மீசை வச்ச வெங்காயம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கத்தியை நான் பெட்டியிலும் வைக்கவிடவில்லை. கம்பெனிப் பெட்டியில் ஆயுதம் இருந்தால் போலீஸ் வந்து என்னைத்தான் கேட்கும். வேலிக்கு வெளியே எறிந்துவிட்டு வரச் சொன்னேன். எறிந்துவிட்டு வந்தாள்.

இரண்டு நாள் கழித்து மிளகாய்ப்பொடி கொண்டுவந்தாள், பிளாஸ்டிக் தாளில் மடித்து. எங்கள் ஊரில் மிளகாய்ப்பொடிக்கா பஞ்சம். ஆனால் பட்டாசுக் கம்பெனியில் பெயர் எழுதாத பொடி எதுவாக இருந்தாலும் வெடிமருந்தாகத்தான் கருத வேண்டும். என் வாசல் அறையும் வேலிக்கு உள்ளேதான். அதையும் கொட்டச் சொன்னேன். காற்று என் பக்கம் அடித்தது. பதினேழு தும்மல்.

"அப்ப எதத்தான் கொண்டு வரட்டும்? நீங்களே சொல்லுங்க," என்றாள்.

எனக்கு இந்த மாதிரிக் கேள்வி பிடிக்கும். அன்று மத்தியானம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். குடை: கம்பி இரும்பு. கம்பு: அவனே பிடுங்கி அவளை அடிப்பான். செல்போன்: அதை அவளிடமே கேட்டேன். "போன் போட்டு ஆளு வாரதுக்குள்ள நான் பொணமாயிருவேன்," என்றாள். ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டே போய்க் கடைசியில் மிஞ்சியது விசில். கம்பெனி விசில்கள் பிளாஸ்டிக், உள்ளே தக்கை உருண்டை, இரும்பு துளியும் கிடையாது. தீப்பிடித்தால் ஊதுவதற்கென்று ஆறு வாங்கியிருந்தார்கள். நான்கு பேர் கழுத்தில் நான்கு. அதில் ஒன்று என் கழுத்தில். உதிரியாக இரண்டு என் மேசையில் இருந்தன. அதில் ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன். பகலில் நாற்பத்தொன்றாம் பெட்டியில் கிடக்க வேண்டும், உள்ளே கொண்டுபோகக்கூடாது, சாயங்காலம் எடுத்துக்கொண்டு போகலாம் என்று மூன்று தடவை சொன்னேன்.

"அய்யா அவளுக்குப் பீப்பீ குடுத்துருக்காராம்லே," என்று வரிசையில் கேலி நடந்தது. "எனக்கு ஒரு பலூன் குடுங்க அய்யா."

பத்தொன்பது நாள் அந்த விசில் அவளோடு போய்வந்தது. அவன் வரவில்லை. விசிலைக் கண்டு பயந்துவிட்டான் என்று அவளிடமே சொன்னேன்.

எங்கள் கம்பெனியில் மாதம் ஒருமுறை ஒத்திகை உண்டு. விசில் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். என்ன ஏது என்று பார்க்கக்கூடாது. சத்தம் வருகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடி, பின்பக்க வேப்பமரத்தடியில் கூட வேண்டும். தலை எண்ணுவது என் வேலை. கூட்டத்தில் ஒரு பெண் திரும்பிப் பார்த்தாலும் ஃபோர்மேன் வைவார். பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தான் முந்தைய விபத்துகளில் செத்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆறு வருடத்தில் அவர்கள் கால்களுக்கு அது பழகிவிட்டது. இந்தப் பக்கத்துக் கால்கள் முழுக்கவே அப்படித்தான்.

இருபதாம் நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு அவளை முதலில் விட்டேன். முந்தின பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் எட்டுப் பேர் போனார்கள். மற்ற பெண்கள் வரிசையில் நின்றார்கள். அப்போது விசில் கேட்டது. நீளமாக, விடாமல்.

பாதையில் போன எட்டுப் பேரும் திரும்பி ஓடி வந்தார்கள். வரிசை கலைந்தது. எல்லோரும் வேப்பமரத்துக்கு ஓடினார்கள். பஸ் படி ஏற முடியாத என் முழங்கால்களும் ஓடின. மரத்தடியில் பெண்களை எண்ணினேன். அறுபத்து மூன்று. மறுபடி எண்ணினேன். அறுபத்து மூன்று.

"நாப்பத்தொண்ணு எங்க?" என்று கத்தினேன்.

"அவ வெளிய போயிட்டா அய்யா. எங்களுக்கு முன்ன போனா," என்றாள் எட்டுப் பேரில் ஒருத்தி. பிறகுதான் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். புகை எங்கேயும் இல்லை. விசிலும் நின்றிருந்தது.

நாங்கள் போய்ப் பார்த்தபோது அவன் இல்லை. கல் கிடந்தது. விசில் வாயில் இருக்கும்போதே அடித்திருக்கிறான். பற்கள் நான்கு போயின. இடது கண்ணை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மேனேஜர் என்னை அழைத்தார். வீண் விசிலுக்காக உள்ளே வேலையில் இருந்த ஆண்களும் மருந்தை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். ஒரு பொறி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சத்தம் போட்டார். அவர் சொன்னதில் தவறு இல்லை. "விசில் அவ கைக்கு எப்பிடிப் போச்சு?" என்றார். அப்போது எனக்கு வயது அறுபத்தேழு. அந்த வேலையும் போனால் வீட்டில் மருமகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ரிஜிஸ்டரை விரித்து, முந்தின வாரத் தேதியில் விட்டிருந்த ஒரு வெற்று வரியில், உதிரி விசில் ஒன்று காணவில்லை என்று எழுதி எடுத்துப்போய்க் காட்டினேன். என் ரிஜிஸ்டரில் பிழை வந்ததே கிடையாது. திருடிய குற்றத்துக்காக அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

இருபத்தாறு நாள் கழித்து, ஒரு சாயங்காலம், பெட்டியில் கிடந்த தன் சாமான்களை வாங்க வந்தாள். சீப்பு, இரண்டு ஊக்கு, பருத்திச் சட்டை. கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. பற்கள் இல்லாததால் பேச்சு காற்றாக வந்தது.

"ஒங்க விசில் நல்லாத்தான் கேட்டுச்சு அய்யா. அம்புட்டுப் பேரும் ஓடுனாக. அவன் மட்டும் ஓடல. அவன் பட்டாசு வேலை பாக்கலியே."

நான் கையெழுத்து வாங்கும் பக்கத்தைத் தேடினேன்.

"நீங்க எழுதுனதயும் வாசிச்சுக் காட்டுனாக. எழுதுனது எழுதுனதா இருக்கட்டும். அவன் ஜாமீன்ல வந்துட்டான். இப்ப பஸ் ஸ்டாப் டீக்கடையில ஒக்காந்துருக்கான், பாத்துட்டுத்தான் சுத்தி வந்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வாரீகளா? ஆம்பளை ஒருத்தர் கூட வந்தா கிட்ட வரமாட்டான்."

"ஆறு மணி வரைக்கும் டூட்டிம்மா. வெளிய நில்லு, வாரேன்," என்றேன்.

அவள் வாசலுக்கு வெளியே போய்ச் சுவரோரம் நின்றாள். நான் பெட்டிகளைச் சரிபார்த்தேன். அறுபத்து நான்கையும் பார்த்தேன், அவளுடைய காலிப்பெட்டி உட்பட. ஆறு அடித்தது. லோடு வண்டிகள் போகிற பின்வாசல் வழியாக வெளியேறி, கிணற்று மேட்டைச் சுற்றி மெயின் ரோட்டுக்கு நடந்தேன். ஆயிரத்து நூற்று நாற்பது எட்டு.

மறுநாள் காலையில் வாட்ச்மேன் சொன்னார்: "அந்தப் பிள்ளை ஆறேகால் வரைக்கும் இங்கனதான் நின்னுச்சு. நீங்க வருவீகன்னு சொல்லுச்சு."

"அப்புறம்?" என்று கேட்க வாய் வரை வந்தது. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. முதல் பஸ்ஸில் வந்த பெண்கள் வரிசையில் நின்று ஊக்குகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள்.