ஓட்டுநர் பெயர் என்ற கட்டம்

பதினோரு வருடம்! ஒரு கீறல் விழாமல் அந்தப் பள்ளி வேனை ஓட்டியவள் அவள். இருபத்திரண்டு குழந்தைகளின் தாய்மார்கள் காலையில் நிம்மதியாகத் திரும்பி வீட்டுக்குள் போவதே, ஸ்டியரிங்கில் இருப்பது 'வேன் அக்கா' என்பதால்தான்.

அன்று மதியம் அவள் பள்ளி வாசலில் வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். பக்கத்துச் சந்திலிருந்து ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்தது. ஹாரன் அடித்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். லாரிக்காரன் செல்போனில் சிரித்துக்கொண்டே வந்து, அவள் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவை அப்பளமாக நொறுக்கினான். நல்ல வேளை, பள்ளி விட இன்னும் கால் மணி நேரம் இருந்தது. உள்ளே குழந்தைகள் இல்லை. அவளும் பக்கத்து சீட்டுக்குத் தாவித் தப்பினாள்.

இறங்கி வந்தவன், கூடிய கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னான். "பொம்பளை கையில வண்டியைக் குடுத்தா இப்படித்தான்!"

நின்ற வண்டியை இடித்தவன் பேசிய பேச்சு இது! கதவு நசுங்கியதுகூட அவளுக்கு வலிக்கவில்லை. இது வலித்தது.

மூன்றாம் நாள் வேன் பட்டறையில் கிடந்தது. டிங்கர் மேஸ்திரிக்குக் கை அரித்தது.

"அக்கா, ரெண்டு தட்டு தட்டிப் பார்க்கட்டுமா? சும்மா, ஓரத்துல?"

"சர்வேயர் வந்து பார்க்காம சுத்தியைத் தொட்டீங்க, அப்புறம் உங்களைத்தான் தட்டுவேன்."

காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் பத்து மணிக்கு வந்தார். கழுத்தில் கேமரா, கையில் அளவு டேப், முகத்தில் எதையும் நம்பாத களை. அவளுடைய கணவரும் கொழுந்தனும் அவர் பின்னாலேயே வந்தார்கள். கணவர் தையல்காரர். வேன் அவர் பெயரில் இருந்ததே தவிர, இடுப்பு வலி வந்த நாளிலிருந்து அவர் அதை ஓட்டியதில்லை. கொழுந்தனுக்கு ஒரு அலுவலகத்தில் வேலை. குடும்பத்தில் எந்தப் படிவம் வந்தாலும் முதலில் திறப்பது அவன் பேனாதான்.

சர்வேயர் நாலு பக்கமும் படம் எடுத்தார். பிறகு கோப்பைப் புரட்டி, கணவரைப் பார்த்தார்.

"சம்பவம் நடந்தப்போ நீங்கதான் ஓட்டிட்டு இருந்தீங்க, இல்லையா?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கணவர் தரையைப் பார்த்தார். கொழுந்தன் இருமினான்.

"ஆமா சார், அண்ணன்தான். படிவத்துல தெளிவா எழுதியிருக்கேனே."

அவள் எட்டிப் பார்த்தாள். ஓட்டுநர் பெயர் என்ற கட்டத்தில் அவளுடைய கணவரின் பெயர்! கீழே அவருடைய கையெழுத்து! படிக்காமலே போட்டிருக்கிறார், பாவி மனுஷன்.

"தம்பி, என்ன இது?" என்றாள்.

கொழுந்தன் அவளை ஓரமாக இழுத்துப் போய்க் கிசுகிசுத்தான். "உங்க நல்லதுக்குத்தான் அண்ணி. இன்சூரன்ஸ் ஏஜென்ட் சொன்னான். பொம்பளை ஓட்டினதுன்னா ஆயிரம் கேள்வி கேட்பாங்களாம். ஒரு பேருதானே, யார் பேரா இருந்தா என்ன?"

ஒரு பேருதானா? அப்படியானால் அந்த லாரிக்காரன் சொன்னது சரி என்று குடும்பமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகாதா? நாளைக்கு எந்தத் தாய் எந்த நம்பிக்கையில் அவளிடம் பிள்ளையை ஏற்றிவிடுவாள்? பதினோரு வருட உழைப்பை ஒரு கட்டத்துக்குள் வைத்து அடித்துவிட்டார்களே!

அவள் நேராக சர்வேயர் முன்னால் போய் நின்றாள்.

"சார், அது பொய். உள்ளே இருந்தது நான்."

"அண்ணி அதிர்ச்சியில இருக்காங்க சார்..."

"அதிர்ச்சி எனக்கில்ல தம்பி, வேனுக்கு."

மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சர்வேயர் சிரிக்கவில்லை. "ஆளுக்கு ஒண்ணு சொன்னா நான் எதைம்மா நம்புறது?"

அவள் ஒரு நொடி வேனைப் பார்த்தாள். நசுங்கிய கதவு உள்ளே புகுந்து, டிரைவர் சீட்டை இருந்த இடத்திலேயே இறுக்கிப் பிடித்திருந்தது. முன்னும் போகாது, பின்னும் போகாது.

"என்னங்க, போய் அந்த சீட்ல உட்காருங்க."

"நானா?" என்றார் கணவர்.

"நீங்கதானே ஓட்டினீங்க!"

ஆறடி மனிதர் மறுபக்கக் கதவு வழியாக ஏறி, கியர் கம்பியைத் தாண்டி, முனகி முனகி உள்ளே போனார். உட்கார முடிந்தால்தானே! முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் முட்டி, தாடைக்கு ஏறின.

"ஐயோ, இடுப்பு! யாராவது இழுங்கப்பா!"

மேஸ்திரி இழுத்து வெளியே போட்டார். பிறகு அவள் ஏறினாள். கால் பிரேக்கில் அளவாகப் பதிந்தது, கை ஸ்டியரிங்கில் தானாகப் போய் நின்றது. உட்கார்ந்தபடியே ஹாரனை அழுத்தினாள். பட்டறையே அதிர்ந்தது.

சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்த கணவரின் கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சிடுங்க சார். ஓட்டுறது அவதான். என்னைக்கும் அவதான்."

சர்வேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புதுப் படிவம் எழுதணும். முதல்ல ஏன் தப்பா எழுதினீங்கன்னு விளக்கக் கடிதமும் வேணும். நான் பார்த்ததை நான் எழுதுவேன். ஆனா பொய்த் தகவல்னு மேல தள்ளுபடி பண்ணினாலும் பண்ணிடுவாங்க."

"பாருங்க அண்ணி!" என்று கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான். "பேசாம இருந்திருந்தா வந்திருக்கும்."

"வராட்டி போகட்டும். பேனாவைக் குடுங்க."

கட்டத்தை மீறி வெளியே வழியும்படி, கொட்டை எழுத்தில் தன் பெயரை எழுதினாள்.

சர்வேயர் அனுமதித்ததால், கதவு திறந்து மூடவும் சீட் நகரவும் மட்டும் மேஸ்திரி சரிசெய்து கொடுத்தார். நசுங்கல் அப்படியே இருந்தது. திங்கட்கிழமை அதோடுதான் தெருவில் இறங்கினாள். ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் தானே சொன்னாள். "லாரி இடிச்சுது. நான் நிறுத்தி வச்சிருந்தேன். ஏத்துறவங்க ஏத்தலாம்." இரண்டு வீட்டார் பிள்ளைகளை ஆட்டோவில் அனுப்பினார்கள். இருபது பேர் ஏறினார்கள்.

மூன்று வாரம் அவள் அந்தச் சொட்டையைச் சுமந்து திரிந்தாள். டீக்கடையில் நின்ற அதே லாரிக்காரன் ஒருநாள் அதைப் பார்த்து இளித்தான். அவள் கண்ணாடியை இறக்கினாள். "செல்போன் நல்லா இருக்கா? அதுக்கு ஒண்ணும் அடிபடலையே?" டீக்கடையே சிரித்தது. அவன் கிளாசைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒரு சனிக்கிழமை, வேன் மறுபடி பட்டறையில் நின்றது. பணம் வருமோ வராதோ, சர்வேயர் தட்டச் சொல்லிவிட்டதால் இந்த முறை மேஸ்திரியின் சுத்தியல் ஆசை தீரக் கொட்டிக்கொண்டிருந்தது. கொழுந்தன் கையில் கடிதத்தோடு வந்து, அரைவாயில் முணுமுணுத்தான்.

"பாஸ் ஆயிடுச்சு அண்ணி. ஓட்டுநர்னு உங்க பேரு போட்டு, ஓட்டுநர் மேல தவறு இல்லைன்னு எழுதியிருக்கான்."

அவள் கையை உயர்த்தினாள்.

"மேஸ்திரிண்ணே, கொஞ்சம் தட்டுறதை நிறுத்துங்க. தம்பி அதை முதல்லேர்ந்து படிக்கட்டும். வாசல்ல நிக்கிறவங்களுக்கும் கேட்கணும்."