நடுச்சாக்கில் கை விடுகிறவள்

சாக்கின் வாயை அவிழ்த்ததும் டின்சி மேலே கிடக்கும் காயைப் பார்ப்பதில்லை. முழங்கை வரை கையை உள்ளே விட்டு, நடுவில் எங்கோ ஒரு பிடி அள்ளி, வெள்ளைத் துணியில் பரப்புவாள். அதற்குப் பிறகுதான் குனிந்து பார்ப்பாள். சக்குபள்ளத்தில் ஈஸ்வரமூர்த்தியின் ஏலக்காய் ஸ்டோரில் பன்னிரண்டு வருஷமாக இதுதான் அவள் வேலை. மேலாகப் பச்சைப்பசேலென்று பருத்த காயாகப் போட்டு, வெடித்ததையும் சுருங்கியதையும் உள்ளே ஒளித்துக் கொண்டுவருகிறவர்களுக்கு அவளைக் கண்டால் ஆகாது.

"ஏம்மா, மேல இருக்கதும் எங்க காய்தானே? அதையும் ஒரு பார்வை பாரேன்" என்பார்கள்.

"மேல இருக்கது நீங்க காட்டுறது. நடுவுல இருக்கதுதான் நீங்க கொண்டாந்தது" என்பாள். "சரி, போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த சாக்குக்குப் போய்விடுவாள். பேச்சு முடிந்தது என்பதை அவள் அப்படித்தான் தெரிவிப்பாள்.

டின்சிக்கு முப்பத்தொரு வயது. அண்ணன் ஜிஜோவின் பழைய முழுக்கைச் சட்டையைச் சுடிதாருக்கு மேல் போட்டிருப்பாள், அதையும் உட்புறம் வெளியே தெரியும்படி. தையல் உறுத்துகிறதாம். காய் பொறுக்கும் பெண்கள் முதல் மூன்று வருஷம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நாலாம் வருஷம் அவர்களுக்கே அலுத்துவிட்டது. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டு யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் எழுந்து மேசையின் அந்தக் கோடிக்குப் போய்விடுவாள். கோபமெல்லாம் கிடையாது. மறுநாள் அவர்கள் எண்ணெய் வைக்காமல் வந்தால் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வாள்.

இன்னொன்றும் உண்டு. யோசிக்கவேண்டிய கேள்வி என்றால் இன்று கேட்டதற்கு நாளைக்குத்தான் பதில் சொல்வாள். ஜிஜோவின் மனைவி மோனிஷா கல்யாணமாகி வந்த புதிதில், தான் வைத்த மீன்குழம்பு எப்படி என்று கேட்டாள். டின்சி ஒன்றும் சொல்லாமல் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். மோனிஷா அன்றைக்கெல்லாம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கொடியில் துணி காயப்போடும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: "புளி கூடுதல் மதினி. மத்ததெல்லாம் சரி." ஏழு வருஷமாகிறது. இப்போதெல்லாம் நாளைக்கு வேண்டிய பதிலை மோனிஷா இன்றைக்கே கேட்டு வைத்துவிடுகிறாள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஸ்டோரில் காய் உலர்த்தும் டிரையருக்குப் புது மோட்டார் மாட்டினார்கள். அது ஓடத் தொடங்கிய நிமிஷம் டின்சி மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டாள். சாயங்காலம்வரை வெளியே வரவில்லை. ஈஸ்வரமூர்த்தி மிரண்டுபோய் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே நாலைந்து தடவை போனபிறகு, டாக்டர் ரிஜின் ஆட்டிசம் என்றார்.

"அது சின்னப் பிள்ளைகளுக்கு வாரதுல்லா சார்?" என்று ஜிஜோ கேட்டான்.

"சின்னப் பிள்ளைங்க வளரும் அல்லே?" என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னார் டாக்டர்.

அந்த டாக்டர் அப்போது ஓர் ஆய்வில் இறங்கியிருந்தார். மலையில் ஆட்டிசம் உள்ளவர்கள் நோய் வந்தாலும் ஏன் ஆஸ்பத்திரிப் பக்கம் வருவதில்லை, அவர்கள் வருவதற்கு ஆஸ்பத்திரியில் என்னென்ன மாற்றவேண்டும் என்று. டின்சியிடமும் ஒரு படிவம் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் திருப்பிக் கொடுத்தாள். பதினாலு கேள்விகளைக் கோடு போட்டு அடித்திருந்தாள். 'உங்கள் பிள்ளைக்கு மருத்துவமனை என்றால் பயமா?' என்ற கேள்விக்குப் பக்கத்தில், 'யாரிடம் கேட்கிறீர்கள்? எனக்கு அம்மா இல்லை' என்று எழுதியிருந்தாள். டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். ஆய்வை நடத்தும் கமிட்டியிலேயே வந்து உட்காரச் சொன்னார்.

மறுநாள் அவருக்குப் போன் போட்டு டின்சி ஒரே கேள்வி கேட்டாள்: "பேருக்கா, வேலைக்கா?"

"வேலைக்குத்தான்."

"சரி, போதும்."

அன்று முதல் மாதம் இரண்டு சனிக்கிழமை ஜிஜோவின் ஜீப் டவுனுக்குப் போனது. கமிட்டியில் ஏழு பேர். அவர்களில் ஆட்டிசம் உள்ளவர்கள் டின்சியோடு சேர்த்து இரண்டு பேர். மோனிஷா கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். இவள் ஏதாவது சொல்லி அவர்கள் சிரித்துவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு. சிரித்தார்கள்தான், ஆனாலும் எழுதிக்கொண்டார்கள். கேள்விகளைத் தாயிடம் கேட்காமல் சம்பந்தப்பட்டவரிடமே கேட்பது, படிவத்தை ஒரு நாள் வீட்டில் விட்டுவருவது, யார் வருகிறார்கள் என்று முந்தின நாளே போட்டோவோடு சொல்லிவிடுவது எல்லாம் டின்சி சொல்லி வந்தவை.

டின்சி இருக்கும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மூன்று வீடு தள்ளி மாரித்தாயின் வீடு. அவள் மகன் முனீஸ்வரனுக்கு இருபத்து நாலு வயது. அவனுக்கும் ஆட்டிசம்; பேச்சு கிடையாது. இரண்டு வருஷமாகக் கடைவாய்ப் பல் சொத்தை. கன்னம் வீங்கும்போது தன் கையாலேயே கன்னத்தில் குத்திக்கொள்வான். மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். இரண்டு தடவை ஓடிவிட்டான். மூன்றாம் தடவை மூன்று ஆண்கள் பிடித்து அமுக்கினார்கள். ஒருவர் கையைக் கடித்துவிட்டான். பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்துத்தான் பார்க்கமுடியும் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே தேதி கேட்டு எட்டு மாசம் ஆகியும் பதில் இல்லை.

"ஏட்டி டின்சி, எம்மவனையும் ஒன் லிஸ்டுல போடுட்டி. ஒங்க டாக்டர் கண்ணுலயாச்சும் படட்டும்" என்று மாரித்தாய் கேட்டாள். மறுநாள் டின்சி, ஆய்வுக்காகக் கேட்கவேண்டியவர்களின் பட்டியலில் அவன் பெயரைச் சேர்த்தாள். மொத்தம் முப்பத்தேழு பேர்.

ஜனவரியில் அறிக்கை கையெழுத்துக்கு வந்தபோது இருபத்தாறு பேர்தான் இருந்தார்கள். மீதிப் பதினொரு பேர் ஒரே வரியில் போயிருந்தார்கள்: 'பதிலளிக்க இயலாதவர்கள் நீக்கப்பட்டனர்.' பதினொரு பேருக்கும் பேச்சு இல்லை. முனீஸ்வரனும் அதில் ஒருவன்.

டாக்டர் ரிஜின் பொறுமையாகத்தான் சொன்னார். "அவங்க வாயால பதில் கிட்டாது. அம்மா சொல்றதை எழுதக்கூடாதுன்னு டின்சிதானே சொன்னது? மார்ச்சுல ரிப்போர்ட் கொடுக்கலைன்னா ஆஸ்பத்திரியில ஒரு மாற்றமும் நடக்காது. சமயம் இல்லா. ஒப்பு போடுங்க."

டின்சி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசையைச் சுற்றி எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நாளைக்குச் சொல்லுதேன்."

"நாளைக்கு ஞாயிறு."

"ஞாயித்துக்கிழமையும் நாளைதான்."

ஜீப்பில் வரும்போது ஜிஜோ புலம்பினான். "ஒரு கையெழுத்துதானட்டி? மொத்த வேலையும் ஒன்னால நின்னுச்சுன்னு சொல்லுவாங்க. அப்புறம் ஒன்னய கூப்பிடவே மாட்டாங்க." மோனிஷாவுக்கும் அதே பயம்தான். கமிட்டிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் டின்சி வீட்டில் நாலு வார்த்தை பேசிக்கொண்டிருந்தாள். அது நின்றுபோனால் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாளோ என்றிருந்தது. லயத்து வாசலில் மாரித்தாய் நின்றிருந்தாள்.

"எம்மவன் பேரு இருக்கா?"

என்ன சொல்வதென்று மோனிஷா வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே டின்சி, "இல்ல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். மாரித்தாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த ஒரு கேள்விக்காவது இவள் ஒரு நாள் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று மோனிஷாவுக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் டின்சி போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"டாக்டர், டின்சி பேசுதேன். ஒப்பு போட மாட்டேன். இருபத்தாறு பேரும் பேசுறவங்க. அது மேல் காய். நடுவுல நீங்க கை விடல."

அந்தப் பக்கமிருந்து டாக்டர், "பேசாதவங்ககிட்ட எப்படிக் கேக்கறது டின்சி? வழி சொல்லுங்க" என்றார்.

"முனீஸ நாலு தடவ கூட்டியாரோம். ஊசி கிடையாது. ஆரும் தொடக்கூடாது. வான்னு சொல்லக்கூடாது. அவன் எங்க போய் நிக்கான், எங்கேயிருந்து ஓடுதான்னு மட்டும் எழுதுங்க. அதுதான் பதில்."

"எனக்கும் ஒரு நாள் வேணும்" என்றார் டாக்டர்.

"சரி, போதும்."

மோனிஷா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் அடுக்களைக்கு ஓடினாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு டாக்டரே கூப்பிட்டார். அறிக்கைக்கு மூன்று மாசம் தவணை கேட்டு எழுதிவிட்டாராம்.

முதல் தடவை முனீஸ்வரன் ஜீப்பைவிட்டு இறங்கவில்லை. டாக்டர் நோட்டோடு வராந்தாவில் நின்று 'இறங்கவில்லை' என்று எழுதினார். இரண்டாம் தடவை இறங்கி, வாசல் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்ப ஓடிவந்து ஜீப்பில் ஏறிக்கொண்டான். மூன்றாம் தடவையும் அப்படித்தான். நாலாம் தடவை கதவைக்கூடத் தொடவில்லை. முன் சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து, கியர் கம்பியின் குமிழைத் தடவிக்கொண்டு வெகுநேரம் அமைதியாக இருந்தான்.

"நாலு தடவையும் ஒண்ணும் கிட்டலையே" என்றார் டாக்டர்.

"கிடைச்சிருச்சே. நாலு தடவையும் ஒரே பதில். ஜீப்பு."

டாக்டர் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு உள்ளே போய்ப் பல் டாக்டரம்மாவைக் கையோடு ஜீப்புக்கே கூட்டிவந்தார். டின்சி சொன்னபடி அந்த அம்மா முனீஸ்வரன் பக்கமே போகவில்லை. டிரைவர் சீட்டிலிருந்த ஜிஜோவை வாயைத் திறக்கச் சொன்னார்.

"எனக்கு எதுக்கு மேடம்?"

"அவன் பாக்கட்டும், திறங்க... உங்களுக்கும் ரெண்டு சொத்தை இருக்கு."

"நல்லா வேணும்!" என்றாள் மோனிஷா. முனீஸ்வரன் ஜிஜோவின் வாய்க்குள் எட்டிப் பார்த்தான். அடுத்த வாரம் அதே சீட்டில், யாரும் கேட்காமலே தன் வாயைத் திறந்து காட்டினான். மாரித்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். மாத்திரை சாப்பிட்டு வீக்கம் வடிந்தபிறகு, ஏழாம் தடவை அதே சீட்டில் வைத்து அந்தப் பல்லை எடுத்தார்கள். அன்றைக்கு அவனை ஒருவரும் பிடிக்கவில்லை.

மாரித்தாய் வீட்டில் இப்போது ராத்திரி எல்லோரும் தூங்குகிறார்கள். அந்த லயம் முழுவதுமே கொஞ்சம் நன்றாகத் தூங்குகிறது என்று மோனிஷா சொல்கிறாள்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் அறிக்கையில் 'நீக்கப்பட்டனர்' என்ற வரி இல்லை. முப்பத்தேழு பேரில் முப்பத்து நாலு பேரிடம் கேட்டாயிற்று. ஒருத்தி ஆஸ்பத்திரித் தோட்டத்துக் குழாயடியை விட்டு நகரவில்லை. ஒருவன் லிப்டை விட்டு வெளியே வரவில்லை. எல்லாம் பதிலாக ஏறியிருக்கிறது. இன்னும் மூன்று பேர் பாக்கி. அவர்களில் ஒருவர் சூரியநெல்லியில் இருக்கிறார். இந்த வியாழக்கிழமை அவரை அழைத்துவர ஜீப் கிளம்பியது. மோனிஷா வழக்கம்போல முன்னால் ஏறப்போனாள். டின்சி அவள் சட்டைக்கையைப் பிடித்து இழுத்துப் பின்னால் உட்காரவைத்தாள். வரப்போகிறவருக்காக, முன் சீட்டில் கிடந்த ஜிஜோவின் துண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "கிளம்பு" என்றாள்.