நாகேஸ்வரி அன்ரியின் கிரேட்

நாகேஸ்வரி அன்ரியோடு மல்லுக்கட்டி எனக்கு அலுத்துவிட்டது. மேற்கு சிட்னியில் ஒரு போலீஸ் நிலையத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிறார். யூனிபோர்ம் கிடையாது. வீட்டில் அடி வாங்கிய தமிழ்ப் பெண் யாராவது வந்து பேசமுடியாமல் நின்றால் அன்ரியைத்தான் கூப்பிடுவார்கள். என் பெயர் யோகா. எந்த அரசாங்க வேலைக்கு எந்தச் சம்பள கிரேட் என்று மதிப்பிடும் பிரிவில் இருக்கிறேன்.

என் பூட்டனார் வெள்ளைக்காரன் காலத்து மலாயாவில் போலீஸ் கந்தோர் கிளார்க். துரைக்கு ஒரு சம்பள ஸ்கேல், எங்கள் ஆட்களுக்கு இன்னொரு ஸ்கேல். அநியாயம்தான், ஆனால் திட்டுவதற்காவது ஒரு துரை இருந்தான். இங்கே எல்லாருக்கும் ஒரே படிவம். செய்வதை அவரவரே வாய்திறந்து சொல்ல வேண்டும், சொல்லாததற்குப் புள்ளி இல்லை. தற்பெருமை பேசாதே என்று அதட்டி வளர்க்கப்பட்ட யாழ்ப்பாணத்து மனிசி இதில் எப்படித் தேறுவது?

போன வருடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு அன்ரி கொடுத்த பதில் கோப்பில் அப்படியே இருக்கிறது. "பெரிசா ஒண்டுமில்லை. தேத்தண்ணி குடுப்பன், கதைச்சுக்கொண்டிருப்பன்." கிரேட் மூன்று போட்டுவிட்டார்கள். வாசித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுமதிப்பீட்டுக்கு எழுதச் சொல்லி நான்தான் அவரை நச்சரித்தேன். ஆறு கிடைத்தால், அறுபத்திரண்டு வயதில் சனி, ஞாயிறு முதியோர் இல்லத்தில் தரை துடைக்கிற வேலையை அவர் விட்டுவிடலாம்.

மறுமதிப்பீட்டுக் குழு முன் அவர் போவதற்கு முதல்நாள் டூங்கபியில் அவருடைய வீட்டுக்குப் போய், குசினியில் உட்கார்ந்து பாடம் நடத்தினேன்.

"அன்ரி, நீங்கள் இல்லாட்டி என்ன நடக்கும் எண்டு கேப்பினம். என்ன சொல்லுவியள்?"

"வேற ஆரும் செய்வினம்."

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ."

"தன்னைத் தானே புகழுறது வடிவே பிள்ளை? நீர் முதல்ல சாப்பிடும்."

கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில, அதாவது அரசாங்கத்தில, மேய்க்க வேணும் என்று சொல்லித் தந்த சனம், மேய்த்ததற்குக் கூலி கேட்கச் சொல்லித் தரவில்லையே!

மறுநாள் பரமட்டா அலுவலகத்தில் மூன்று பேர் கொண்ட குழு. அன்ரியை எனக்குத் தெரியும் என்பதால் குறிப்பெடுக்க மட்டும்தான் அனுமதி. நீங்கள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று தலைவர் அதே கேள்வியைக் கேட்டார். அன்ரி தொண்டையைச் செருமினார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. ஸ்டேஷனிலிருந்து. கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு பொம்பிளைப் பிள்ளை வந்திருக்காம். ஆரோடையும் கதைக்குதில்லையாம். இவையள் குறைநினைக்க வேண்டாமெண்டு சொல்லும்."

கைப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தலைவர் "பதில் இல்லை" என்று எழுதச் சொன்னார்.

"அவருடைய வேலை என்னவென்று இப்போது கண்ணால் பார்த்தீர்களே," என்றேன்.

"பார்த்ததை எழுதப் படிவத்தில் இடமில்லை," என்றார், மரியாதையாகத்தான். கிரேட் மூன்று உறுதியானது. குறிப்பின் அடியில் நான் கையெழுத்துப் போட்டேன்.

பின்னேரம் அன்ரியே போன் எடுத்தார்.

"என்னமாதிரி, பிள்ளை? முடிவு வந்திட்டுதே?"

"மாறேல்லை அன்ரி. மூண்டுதான்."

"ம். அதுக்கென்ன. அந்தப் பிள்ளை மூண்டு மணித்தியாலம் கழிச்சுத்தான் கதைச்சது. நான் போகாட்டி திரும்ப அந்த வீட்டுக்கே போயிருக்கும்."

இப்படி ஒரு பதிலைக் காலையில் குழுவிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்த வாய் வந்தது. நாளைக்குச் சனிக்கிழமை, வெள்ளன எழும்ப வேண்டும் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.