அந்தத் தீவின் மடையை அடைத்தது நான்தான்

கூடலூருக்குப் பக்கத்தில், வெறும் பாறை என்று ஊரே ஒதுக்கிய மேட்டில் திராட்சைப் பந்தல் போட்டேன். குமுளி மலைப்பாதையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஒரு ஓட்டை ஜீப்பை வாங்கி, அதன் பிரேக்கை நம்பாமல் என் காலை நம்பித் தொழில் ஆரம்பித்தேன். ஜீப் வேனாச்சு, வேன் பஸ்ஸாச்சு. தேனி பஜாரில் எனக்கு வாடகைக்கு இடம் தர யோசித்த அதே தெருவில் சொந்தக் கட்டடம் எழுப்பி டிராவல்ஸ் ஆபீஸ் வைத்தேன். காசிக்குக் கூட்டிப் போனேன், காஷ்மீருக்குக் கூட்டிப் போனேன், கடைசியில் ஐரோப்பாவுக்கே கூட்டிப் போனேன். படிப்பு அஞ்சாங்கிளாஸோடு சரி. விமான நிலையத்தில் இங்கிலீஷ் போர்டை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் விமானம் போய்விடும் என்பதால், எழுத்தின் உருவத்தை வைத்தே வாசலைக் கண்டுபிடிக்கப் பழகினேன். எனக்குக் கை கொடுத்தவர் யாரும் இல்லை. கை தட்டியவர்கள் உண்டு, எல்லாம் முடிந்த பிறகு.

இத்தனையிலும் நான் பெரிதாக நினைப்பது ஒன்றைத்தான். மடெய்ரா என்கிற தீவை நம்ம கம்பம் பள்ளத்தாக்குக்குக் காட்டியவன் நான்.

பாரிஸ் கோபுரத்தை யார் வேண்டுமானாலும் காட்டலாம். முதல் தடவை கூட்டிப் போனபோது நானும் அதைத்தான் காட்டினேன். கம்பத்து அரிசி வியாபாரிகளும் போடி ஏலக்காய் வியாபாரிகளும் கோபுரத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள், பஸ்ஸில் ஏறினார்கள், தூங்கிவிட்டார்கள். சுவிஸ் பனியைக் கையில் அள்ளிப் பார்த்தார்கள், மறுபடி தூங்கிவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த தடவை ஸ்லோவேனியா என்ற நாட்டில் கடலோரத்து உப்பளத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். அங்கே மரப்பலகையை வைத்து உப்பு வாருகிறார்கள். நம்ம மளிகைக்கடைக்காரர்கள் பாத்தியை விட்டு நகரவே மாட்டேன் என்றார்கள். ஒருத்தர் உப்பை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம தூத்துக்குடி உப்பு இதைவிடக் கரிக்கும்ணே" என்று தீர்ப்புச் சொன்னார். ஒருத்தரும் தூங்கவில்லை. தொழில் செய்கிறவனுக்கு இன்னொருத்தன் தொழிலைக் காட்டினால் போதும் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். இதை எந்தக் காலேஜிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

தீவைக் கண்டுபிடித்தது லிஸ்பன் நகரத்தில் ஒரு பழக்கடையில். என்னோடு உத்தமபாளையத்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் இருந்தார். பாய்தான், ஆனால் அவர் என்னை மாப்ள என்பார், நான் அவரை மாமா என்பேன். எங்கள் பக்கம் அப்படித்தான். கடையில் பெரிய வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் குட்டை குட்டையாக, தோலில் புள்ளி விழுந்த ஒரு சீப்பு தொங்கியது. வாங்கி உரித்தேன். ஒரு கடி கடித்ததும் சொல்லிவிட்டேன், இது கப்பலில் குளிரவைத்து வந்த பழம் இல்லை என்று. கூட வந்திருந்த என் மகன் போனில் மொழிபெயர்த்துக் கேட்டான். எங்க தீவுப் பழம், மடெய்ரா, என்றான் கடைக்காரன்.

"ஐரோப்பாவுல வாழை வெளையுதா?" என்றேன்.

"வெளஞ்சா என்னப்பா? வாழைத்தோப்பப் பாக்கவா நம்மாளுக விசா எடுத்து வருவாக?" என்றான் மகன்.

"வருவாகடா. வாழை போட்டவன் வருவான்."

மாமா பழத்தை மென்றுகொண்டே, "நான் வாரேன் மாப்ள. எனக்கு வாழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒன் மகன் தோக்குறதப் பாக்கணும்" என்றார்.

மறுவருசம் போனோம். அந்தத் தீவின் ஓடுபாதையைக் கடல் மேல் தூண் நட்டுக் கட்டியிருக்கிறார்கள். விமானம் இறங்கும்போது எங்கள் ஆட்கள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டார்கள். நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடலில் இருந்து மேகம் வரைக்கும் படிப்படியாக வயல். கீழ்ப்படியில் வாழை, மேலே திராட்சை. அந்தத் திராட்சையையும் குச்சியில் ஏற்றாமல், நம்ம மாதிரியே பந்தல் போட்டிருந்தார்கள். பந்தல்தான் தாழ்வு, குனிந்துதான் நுழைய வேண்டும். என் பந்தல் அதைவிட உயரம். சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

மறுநாள் மலைமேல் நடந்தோம். மலை இடுப்பில் ஒரு சின்ன வாய்க்கால் வளைந்து வளைந்து போகிறது. அதன் ஓரமே நடைபாதை. கரையெல்லாம் நம்ம மூணாறு பக்கம் பங்களா வாசலில் கொத்துக் கொத்தாகப் பூக்கிற நீலப் பூ. நடந்துகொண்டே இருக்கும்போது வாய்க்கால் மலைக்குள் குகையில் நுழைந்தது. வழிகாட்டிப் பையன் டார்ச்சைக் கொடுத்து, தீவின் வடக்கே மழை, தெற்கே வறட்சி, அதனால் மலையைக் குடைந்து தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள் என்று விளக்கினான். மகன் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் ஆட்கள் தெரியும் என்று கையைக் காட்டிவிட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்க ஊர் மலையைக் குடைந்து லோயர் கேம்ப்பில் குழாய் வழியாக இறங்கி வருகிற தண்ணீருக்கு வாழ்நாள் பூராவும் காத்திருந்தவர்கள். எங்களிடம் போய் அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மாமா குனிந்து தண்ணீரில் கையை வைத்தார். "நம்ம தண்ணி மாதிரியே வெறைக்குது மாப்ள" என்றார்.

குகை தாண்டியதும் எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. வாய்க்காலில் ஒரு மடை திறந்து கிடந்தது. அதன் வழியாக ஒரு வாழைத்தோட்டத்துக்குள் தண்ணீர் போய், பாத்தி நிறைந்து, விளிம்பு வழிய நின்றது. கீழ்த்தோட்டத்து வாழை தண்ணீர் இல்லாமல் இலை மடங்கிக் கிடந்தது. எங்கள் ஊரில் திறந்து கிடக்கிற மடையைப் பார்த்தால் யார் காடு என்று கேட்க மாட்டோம். இறங்கி அடைத்துவிட்டுத்தான் கேட்போம். செருப்பைக் கழற்றினேன், வேட்டியை மடித்துக் கட்டினேன், இறங்கினேன். கரையில் கிடந்த கல்லை வைத்து, புல்லோடு பெயர்த்த மண்ணை அப்பி, காய்ந்த வாழை இலையைத் திணித்து அடைத்தேன். தண்ணீர் திரும்பிக் கீழே ஓடியது. நிமிர்ந்தால், கையில் மண்வெட்டியோடு ஒரு அம்மா நிற்கிறார். என் தங்கச்சி வயசு இருக்கும், என் தங்கச்சி வாயும் இருந்தது.

"அப்பா, இந்தம்மா ஒங்களத் திருடன்னு சொல்லுது" என்றான் மகன்.

"தண்ணிய என்ன மடியிலயா கட்டிருக்கேன்? பாத்தி ரொம்பிருச்சுன்னு சொல்லு."

அந்த அம்மா கைக்கடிகாரத்தை என் மூக்குக்கு நேரே காட்டினார். வழிகாட்டி இங்கிலீஷில் சொல்ல, மகன் தமிழில் சொன்னான். அவர்களுக்கு முறைத் தண்ணீராம். மணி பார்த்து விடுவார்களாம். இந்தத் தோட்டத்து நேரம் இன்னும் முடியவில்லை, இன்றைக்கு விட்டால் அடுத்த முறை வர நாளாகும், அதனால்தான் விளிம்பு வழிய நிறுத்துகிறாராம்.

"மாப்ள, இம்புட்டு தூரம் டிக்கெட் போட்டு வந்தும் தண்ணித் தகராறுதானா?" என்றார் மாமா. எங்கள் கூட்டமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அடுத்த முறை எப்போது வருமோ என்று பாத்தியை வழிய வழிய நிறுத்துவது நானும் செய்கிற வேலைதான். அந்தப் பயம் எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று. அந்த அம்மா குனிந்து நான் அடைத்த அடைப்பைப் பார்த்தார். விரலால் தடவினார். ஒரு சொட்டு கசியவில்லை. என்னமோ கேட்டார். "எந்த ஊர்ல இப்படி அடைப்பாகன்னு கேக்குது" என்றான் மகன்.

"கூடலூர்னு சொல்லு."

"கூடலூர்" என்றார் அந்த அம்மா. சுத்தமாகச் சொன்னார்.

நானே அடைப்பைப் பிரித்துவிட்டேன். அதற்குள் ஓடிப்போன தண்ணீருக்கு என்ன வழி? அடுத்த முறைக்காரர் கீழ்த்தோட்டத்தில் நின்றார். நான் அங்கன இறங்கிப் போய், அவருக்கு முன்கூட்டியே போன தண்ணீரையும் இந்த அம்மாவின் கடிகாரத்தையும் கைஜாடையில் காட்டினேன். மகனையும் கூப்பிடவில்லை, போனையும் எடுக்கவில்லை. அவர் தலையை ஆட்டினார். போன நேரம் அளவுக்குக் கூடுதலாக இந்தத் தோட்டத்துக்கு விட ஒத்துக்கொண்டார். கூட்டத்தை முன்னால் அனுப்பிவிட்டு நான் மட்டும் தண்ணீரில் நின்றேன். நேரம் முடிந்ததும் அந்த அம்மா மண்வெட்டியை என்னிடம் நீட்டினார். முறைப்படி அந்த மடையை அடைத்தவன் நான். ஒரு வாழைச் சீப்பை என் தோளில் சாத்திவிட்டு, அடுத்த முறைக்கு வா என்றார். மகன் மொழிபெயர்க்காமலே புரிந்தது. வருவேன் என்று தமிழில் சொன்னேன். அதுவும் அவருக்குப் புரிந்தது.

இன்னொரு தடவை போனேன். அன்றைக்கும் மண்வெட்டியை என் கையில்தான் கொடுத்தார். அதோடு சரி. நெஞ்சில் ஆபரேசன் ஆச்சு. விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது மனசு சரியில்லாத நாளில் லோயர் கேம்ப் போய், தண்ணீர் விழுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பேன். சத்தம் பெரிசு. எனக்கு வேண்டியது அந்தச் சின்ன வாய்க்காலின் சத்தம். பக்கத்தில் நடக்கிறவன் பேசாமல் வந்தால்தான் அது கேட்கும். கால் விரலுக்கு நடுவே அந்தத் தண்ணீர் நுழைந்து போனது இன்னும் அப்படியே இருக்கிறது. அங்கே இப்போது யார் முறையோ, யார் அடைக்கிறார்களோ.

போன மாசம் மகன் ஆபீசில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினான். மடெய்ரா, யாரும் காட்டாத ஐரோப்பா, எங்கள் குழு தேடிக் கண்டுபிடித்த தீவு என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. அப்புறம் மடைக் கதையும் வருகிறது. எங்கள் பயணி ஒருவர் அங்கே தண்ணீரில் இறங்கி மடையை அடைத்தாராம்.

"பயணியா? நான் டிக்கெட் வாங்கிட்டா வந்தேன் ஒங்கிட்ட?"

"அப்பா, மொதலாளியே திருடன்னு பேரு வாங்குனாகன்னு வெளம்பரத்துல போட முடியுமா?"

"போடு. திருடன்னு சொன்ன வாய் கூடலூர்னு சொல்லுச்சுல்ல, அதையும் சேத்துப் போடு."

"பாப்போம்ப்பா" என்றான். பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று அவனைப் பெற்ற எனக்குத் தெரியாதா.

இந்த வருசக் குழுவில் என் வீட்டுக்காரி போகிறாள். நான் போன ரெண்டு தடவையும் திராட்சை அறுப்பு என்று இங்கேயே இருந்துவிட்டவள். இப்போது தங்கச்சிமாரோடு பெட்டி கட்டுகிறாள். மடையின் அடையாளத்தைச் சொன்னேன். குகை தாண்டி வலது கைப் பக்கம், நீலப் பூவுக்கு அடுத்தது. நாலாவது தடவையும் சொன்னேன்.

"ஒங்க பெருமையப் பேசுறதுக்கு நான் கடல் தாண்டிப் போகணுமாக்கும்" என்றாள். பிறகு பெட்டியை மூடும்போது அவளே கேட்டாள், "வலது கைப் பக்கம்னா போகும்போதா, வரும்போதா?"

போகும்போது. அதை இங்கேயும் எழுதிவைக்கிறேன், மகனும் மற்றவர்களும் படிக்கட்டும். வீடியோவில் குழு என்று இருக்கிற இடத்தில் என்னைச் சொல்ல வேண்டும். பயணி என்கிற வார்த்தையை எடுக்க வேண்டும். அந்த மடைக்கு வந்ததும் கூட்டம் நிற்க வேண்டும். இந்தத் தீவை நமக்குக் காட்டியதும் இந்த மடையை அடைத்ததும் எங்க ஐயாதான், கூடலூர்க்காரர் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த அம்மா தோட்டத்தில் இருந்தால் அவர் பாஷையிலும் சொல்ல வேண்டும். வருவேன் என்று சொன்னவன் வராதது டாக்டரால், மனசில்லாமல் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.